தலை தாங்கிய கை

மயக்க மருத்துவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த கணவரின் தலை இடது தோள் பக்கம், இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சாய்ந்திருந்தது.

"கழுத்து சுளுக்கிடுச்சா?"

"இல்லையே."

அந்தச் சாய்வு அவளுக்குத் தெரிந்த சாய்வு. நரம்பில் ஏற்றுகிற, பார்க்கப் பால் போலிருக்கும் மயக்க மருந்து கழுத்து வலியைக் கொடுக்கிறதா என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மருந்து உள்ளே போனதும் கழுத்து துவண்டுவிடும். தலைக்கடியில் வளைய மெத்தை வைத்து நிமிர்த்துவது அவள் பொறுப்பு. போன மாதம் ஆபரேஷனுக்கு வந்த ஒரு தையல்காரம்மாவுக்கு மட்டும், போனில் சிரித்துப் பேசிய சுவாரசியத்தில், வைக்க மறந்துவிட்டாள். ஆபரேஷன் முடியும்வரை அந்தத் தலை ஒரு பக்கமாகத் தொங்கிக் கிடந்தது. அப்புறம் அந்த அம்மாவால் குனிந்து துணியைப் பார்க்கவே முடியவில்லை.

"நான் தூங்குறப்ப ஏதாச்சும் ஆச்சா டாக்டர்?"

"மருந்தோட வேலைம்மா. போகப் போகச் சரியாயிடும்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஆராய்ச்சி முடிவிலும் அதே பொய்யை எழுதி, சற்று முன்புதான் அனுப்பியிருந்தாள். உண்மையைச் சொல்லியிருந்தால் சரியான வைத்தியமாவது கிடைத்திருக்கும். வெட்கமாக இருந்தது. வேலை போய்விடுமே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நேற்றும் நினைத்தாள்.

விளக்குப் போடாத உள்ளறையிலிருந்து, பூட்டிய ஆபரேஷன் தியேட்டரில் மட்டுமே அடிக்கும் அந்தக் குளிர்ந்த ஸ்பிரிட் வாடை, பினாயில் நெடியும் கலந்து, மெல்ல மெல்லக் கூடத்துக்குள் வந்தது.

எட்டிப் பார்த்தாள்.

மகள் கட்டிலில் கிடந்தாள். தலை மட்டும் விளிம்புக்கு வெளியே. தரையைப் பார்த்து.

ஓடிப்போய் இரண்டு கையாலும் தாங்கினாள். கனத்தது. கழுத்துக்குள் எலும்பே இல்லை. தோல்தான்.

"கண்ணம்மா..."

கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"விட்டுடாதம்மா."

"விடமாட்டேன்டி."

"அவங்களுக்கும் இப்படிப் பிடிச்சிருக்கலாம்ல?"

"தப்பு என்னோடதுதான். சொல்லிடறேன். எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். ஏங்க! ஓடி வாங்க!"

கூடத்தில் செய்தித்தாள் தரையில் சரியும் சத்தம். வேறொன்றும் இல்லை.

விடக்கூடாது. விடவே கூடாது.

கட்டிலுக்கடியிலிருந்து இரண்டு கைகள் மேலே வந்தன. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. அவை அவள் விரல்களை ஒவ்வொன்றாக, தையல் பிரிப்பதுபோல் நிதானமாகப் பிரிக்கத் தொடங்கின.