சரிபார்த்தவர்

தாளின் வலது கீழ்மூலையில், ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டத்தில் யாரோ சிவப்புப் பென்சிலால் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

மருதாசலத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் பதினான்கு வருடமாக டிராஃப்ட்ஸ்மேன். அவன் வரைவான், மேலே இருப்பவர் சிவப்பில் திருத்துவார், அவன் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுப்பான். ஆனால் இது கம்பெனி வேலை இல்லை. பத்திரிகைக்கு ஒரு மாயாஜாலக் கதை எழுதும் ஆசையில், துடியலூர் வீட்டில் அவன் வரைந்துகொண்டிருந்த நகரம். மற்றவர்கள் கதையை முதல் வரியில் தொடங்குவார்கள். இந்த மனுஷனுக்கு ஊரையே கட்டி முடிக்காமல் ஒரு வரி ஓடாது. தெரு, சாக்கடை, படித்துறை எல்லாம் அளவோடு. அந்த ஊருக்கு ஒரு வழக்கமும் வைத்திருந்தான். வீட்டுக்கு வீடு வாசலே இல்லாத ஓர் அறை இருக்கும். காவல் தெய்வம் அதற்குள் இருக்கும். பழக்கதோஷத்தில் கையெழுத்துக் கட்டங்களையும் போட்டுவிட்டான்.

சற்று முன் எடுக்கும்வரை தாள் பீரோவில் பூட்டியிருந்தது. சாவி அவன் அரைஞாண் கயிற்றில். மனைவி புவனா காலையிலேயே காரமடைக் கோயிலுக்குப் போயிருந்தாள்.

“கண்ணு, அப்பா தாள்ல கிறுக்குனியா?”

“இல்லீங்கப்பா.” பக்கத்து அறையில் ப்ரியா அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள். ஏழு வயது. பொய் சொல்லத் தெரியாதவள்.

குனிந்து பார்த்தான். ஒரு வீட்டின் வாசலில்லாத அறைக்குப் பக்கத்தில் பொடிப்பொடியாகச் சிவப்பு எழுத்து.

‘உள்ளே ஆள் இல்லை. காட்டவும்.’

 கை தானாகப் பேனாவை எடுத்துவிட்டது. பதினான்கு வருடத்துக் கை. அவனுக்கு மனப்பாடமான உயரம் ஒன்றுதான்; போன வாரம் யூனிபார்முக்காக அளந்தது. மூன்றடி எட்டங்குலம். ஒரு சிறுமியை வரைந்து, இரட்டைச் சடையும் போட்டான்.

மேட்டுப்பாளையம் ரோட்டு லாரிகளின் இரைச்சலும், எதிர்வீட்டில் வெங்காயம் வதங்கும் வாசமும், சிமெண்ட் தரையில் கற்கள் விழும் சத்தமும் அந்த ஞாயிறு மதியத்தை நிறைத்திருந்தன. மை காய்வதற்குள் கல் சத்தம் மட்டும் நின்றது.

“ப்ரியா?”

பக்கத்து அறையில் கற்கள் கிடந்தன. அவள் இல்லை. கட்டிலுக்கடியில் இல்லை. வாசல் கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

“அப்பா, கதவு எங்கீங்கப்பா?”

குரல் சுவருக்குள்ளிருந்து வந்தது. ஒன்பதங்குலச் சுவர். அந்தப் பக்கம் வெறும் சந்து.

“பயப்படாத கண்ணு. அப்பா இருக்கறேன்.” சுவரில் காதை வைத்தான்.

“உள்ள ஒருத்தரு இருக்காருங்கப்பா.”

ஓடினான். தாள். பிளேடு. மையைச் சுரண்ட வைத்திருந்த பிளேடு.  அறையின் சுவர்க்கோட்டைச் சுரண்டினான். அரை அங்குலம். ஓர் அங்குலம். வாசல்.

“வெளிச்சம் வருதுங்கப்பா.”

“ஓடியா சாமி. சீக்கிரம்.”

 பிறகு, மெதுவாக:

“இவரு மொதல்ல போறாராமுங்கப்பா.”

அவன் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். ஈரமண் நாற்றம். திரும்ப முடியவில்லை. தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. விரல்களில் சிவப்புப் பென்சில். நிதானமாக, ஸ்கேல் இல்லாமல், நேராக ஒரு கோடு. வாசல் அடைபட்டது.

“அப்பா, இருட்டாயிருச்சுங்கப்பா.”