வயரை ஆட்டிய கை

விபத்தில் நொறுங்கிய, மரம் ஏற்றும் லாரியை இழுத்துவந்து மார்லிஸின் வண்டி பழுதுபார்க்கும் கொட்டகையில் விட்டபோது பகல் இரண்டு மணி. வடக்கு மினசோட்டாவின் ஜனவரிக் குளிரில் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். லாரியை ஓட்டிய டென்னி, அவள் புருஷன், செத்துப் பதினொரு நாள் ஆகியிருந்தது. சரிவில் ஓட்டும்போது தூங்கிவிட்டான் என்று முதலில் சொன்னது அவனுடைய அண்ணன் ஓரின். அவளும் அதை நம்பி, சவப்பெட்டியின் முன் நின்று டென்னியைத் திட்டித் தீர்த்திருந்தாள்.

ஆனாலும் இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரைச் சோதிக்காமல் வண்டியை உடைக்கக் கொடுக்க மனம் வரவில்லை. அதற்கு மின்சாரம் நின்றால் இன்ஜின் ஓட்டத்திலேயே செத்துவிடும்; ஸ்டீயரிங் இறுகி வண்டி கைக்கு அடங்காது. அதில் பதிவாகும் பிழைகளைப் பார்த்தாள். ஒன்றுகூட இல்லை. இத்தனை பழைய லாரியில் அப்படி இருக்காது.

யாரோ அழித்திருக்கிறார்கள்.

வேறு பேட்டரி கட்டி, வோல்ட் மீட்டரை மாட்டி, கேபினில் உட்கார்ந்தாள். இந்தச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வயரை ஆட்ட, ஒருவர் மீட்டரைப் பார்க்க. இருபது வருஷம் ஆட்டியவன் டென்னி.

மீட்டரில் பன்னிரண்டு.

திடீரென்று பூஜ்யம். மறுபடி பன்னிரண்டு.

நசுங்கிய இன்ஜின் மூடிக்கு அடியில் வயர் உரசியது. டென்னியின் கையுறையில் வரும் ஈரக் கம்பளி வாசனை.

"இப்ப?"

டென்னியின் குரல். அவள் மீட்டரையே பார்த்தாள்.

"தூங்கிட்டியாடி?"

"தூங்கல," என்றாள் மெதுவாக. "அங்கதான். விழுது."

சத்தம் நின்றது. இறங்கிப் பார்த்தாள். ஆளில்லை. வயர்க்கட்டில் ஓரிடம் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அங்கே புது டேப். பிரித்தால், செம்பு பச்சைபூத்து இரண்டே இழையில் தொங்கியது. டேப்பை இடப்பக்கமாகச் சுற்றியிருந்தார்கள். குடும்பத்தில் இடக்கைக்காரன் ஓரின் ஒருவன்தான். அந்த லாரியைத் தொடவேயில்லை என்று ஷெரீப்பிடம் சத்தியம் செய்தவனும் அவன்தான்.

கம்ப்யூட்டரைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அவனை வரச் சொன்னாள். வந்தவனிடம் டேப்பை நீட்டினாள்.

"ஒரு நாள் தாங்கும்னு நெனச்சேன்," என்று முனகினான். பிழையை அழித்து, சரியாகிவிட்டது என்று தம்பியை ஏற்றிவிட்டதையும் ஒப்புக்கொண்டான்.

"பழிய செத்தவன் தலையில கட்டின. என் வாயாலயே அவனத் திட்டவும் வெச்ச."

ஓரின் கம்ப்யூட்டரை வாரிக்கொண்டு ஓடப் பார்த்தான். இரண்டடி போனவன் அலறி அதைக் கீழே போட்டான். உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

மார்லிஸ் குனிந்து எடுத்தாள். அவளுக்குச் சுடவில்லை. கையுறையை அப்போதுதான் கழற்றிய டென்னியின் கை வெதுவெதுப்பு.

அந்தக் குளிரில் அதை வண்டியிலிருந்து கழற்றி ஒரு மணி நேரமாகியிருந்தது.