ஏழாம் தறியின் பச்சைக் கம்பம்

வாலாஜாபாத் பஸ்ஸிலிருந்து இறங்கி, நானும் தங்கை கிரேஸும் சிரித்துப் பேசிக்கொண்டேதான் அந்தப் பழைய வீட்டுக்குள் நுழைந்தோம். கீழே எட்டுப் பட்டுத் தறிகள். மாடியில் ஒரு கம்ப்யூட்டர், அதற்கு நான். கிரேஸுக்கு அன்று முதல் நாள். ஏழாம் தறியில் சிவபாலன் அண்ணனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து பார்டர் நாடா, அதாவது நூல் சுற்றிய கட்டை, வீச வேண்டும். பார்டரைத் தனி நாடாவால் உடலோடு கோர்த்து நெய்யும் கோர்வைச் சேலையை ஒற்றை ஆள் நெய்ய முடியாது.

அந்த இடம் அவர் மனைவி கமலாட்சியுடையது. போன மாதம் மூன்றாம் வாரம், பாதிச் சேலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்தச் சேலையை அறுத்து இறக்கிய பிறகுதான் வேறு ஆள் உட்காரலாம் என்பது அந்த வீட்டு வழக்கம். அறுத்தாயிற்று என்று மேனேஜரிடம் நான் பொய் சொன்னேன். வேலை வேறு யாருக்காவது போய்விடுமே என்ற பதற்றம். சிவபாலன் அண்ணன் மறுக்கவில்லை. மனைவி போனதிலிருந்து அவர் யாரிடமும் பேசுவதில்லை.

மேனேஜருக்குப் போன மாதத்துச் சார்ட் வேண்டும். தறிக்கு இரண்டு கம்பம், ஒட்டினாற்போல: இடது நெசவாளர், வலது துணையாள். ஒவ்வொன்றிலும் நான்கு வார வேலை நேரம், நான்கு நிறமாக ஒன்றின்மேல் ஒன்று. எக்ஸெல் இதைத் தானாகப் போட்டுத் தராது. தறிக்கும் தறிக்கும் நடுவில் ஒரு வரிசையைக் காலியாக விட்டால்தான் ஜோடி ஜோடியாக நிற்கும். இப்போதைய ஆள் பெயர்தான் இருக்க வேண்டும் என்றிருந்தார் மேனேஜர்; கமலாட்சியின் பெயர்மேலேயே கிரேஸ் என்று அடித்தேன். அவருடைய நேரங்களை அழிக்கக்கூட இல்லை, அவ்வளவு அவசரம்.

படம் வந்தது.

ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில், காலி இடத்தில், ஒரு கம்பம்.

கட்டங்களைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வரிசையையே நீக்கிப் புதிதாகச் சேர்த்தேன். கம்பம் அசையவில்லை. முழுக்கப் பச்சை. பச்சை என்றால் நான்காம் வாரம், கமலாட்சி உயிரோடு இல்லாத வாரம்.

கீழே ஒரு தறி அடித்தது. ஒவ்வோர் அடிக்கும் பச்சை கொஞ்சம் உயர்ந்தது.

அறையில் கிராம்பு வாசனை. கமலாட்சி அக்கா எப்போதும் கிராம்பு மெல்லுவார்.

கீழே ஓடினேன். மற்றவர்கள் டீக்குப் போயிருந்தார்கள். மழை மூட்டத்தில் ஏழாம் தறி மட்டும் ஓடியது. கிரேஸ் இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தாள்.

பார்டர் நாடா போய் வந்துகொண்டிருந்தது.

"அக்கா... நான் தொடவேயில்ல. காலையிலருந்து அதுவா போய்க்கினு இருக்குது."

சிவபாலன் அண்ணன் தலை நிமிராமல் முணுமுணுத்தார். "சேலைய இன்னும் அறுக்கலம்மா. முடிக்காம அவ எழுந்திருக்க மாட்டா. இந்தப் பொண்ண ஏம்மா உக்கார வச்ச?"

கிரேஸை மாடிக்கு இழுத்து வந்தேன். அவள் பெயரை அழித்தேன். அந்த வரிசை முழுவதையும் நீக்கினேன்.

அவள் கம்பம் மறைந்தது. பச்சை மறையவில்லை.

அதன் அடியில், எந்தப் பெயரும் இருக்கக் கூடாத இடத்தில், கிரேஸ் என்றிருந்தது.

"கிரேஸ்?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவளுடைய வலது கை, இல்லாத நாடாவை வீசியது. மூச்சில் கிராம்பு மணத்தது.

கீழே தறி அடித்தது.