யாரோ ஒருத்தியின் உடல்

புது அலுவலகம் என்று பெயர்தான். பழைய கட்டடத்தின் மாடியில் ஒற்றை அறை. மழை பெய்தால் சுவரில் ஈர வாடை அடிக்கும். பக்கத்து அறைகளெல்லாம் காலி. நான் வக்கீல், அதிலும் தனிக்கட்டை. பேச்சுத் துணைக்கு அங்கே ஈ காக்கை கிடையாது.

இடம் மாறிய வாரத்திலேயே ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தாள். ஏஐ வைத்து அவள் முகத்தை ஓர் ஆபாச வீடியோவில் ஒட்டி எவனோ இணையத்தில் விட்டிருந்தான். அவன் கையை முறிக்க வேண்டும்போல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அது நானில்லன்னு எப்படிக்கா நிரூபிக்கிறது?”

“நீ ஏம்மா நிரூபிக்கணும்? முகம் உன்னோடது. நீ சம்மதிக்கல. வீடியோவ நீக்கச் சொல்ல அது போதும்.”

ஆனாலும் மனுவில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தேன். வீடியோவில் இருந்த பெண்ணுக்குப் பிடரியிலிருந்து முதுகுவரை தீக்காயத் தழும்பு. டீச்சருக்கு அது இல்லை. ‘முகம் மட்டுமே மனுதாரருடையது, உடல் வேறு யாரோ ஒருத்தியுடையது.’ எழுதிவிட்டு, கெட்டிக்காரிதான் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். அந்த ஒருத்தி யாரென்று யோசிக்கவே இல்லை.

உத்தரவு கிடைத்தது. வீடியோவை நீக்கினார்கள். டீச்சர் போனில் அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன்.

மறுநாள் மதியம் மழை. படியில் யாரோ வெறுங்காலோடு ஏறி வரும் சத்தம் கேட்டது.

கதவு திறக்கவில்லை.

ஆனால் ஜன்னலோரம் ஒரு பெண் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

பிடரியில் தழும்பு.

“அவளுக்கு நீக்கிக் குடுத்துட்டீங்க,” என்றாள் கிசுகிசுப்பாக. “எனக்கு?”

 நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தேன்.

“முகத்த மாத்தி மாத்தி ஒட்டுறாங்க. கீழ இருக்கறது எப்பவும் நான்தான். நான் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சுக்கா. அந்த வீடியோ மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. கேக்கறதுக்கு எனக்குன்னு யாருமில்ல.”

வக்கீல் புத்தி எங்கே போகும்? பேயிடமும் சட்டம் பேசினேன்.

“நீ யாருன்னு அடையாளம் தெரிஞ்சாத்தான் புகார் எடுப்பாங்கம்மா. முகம் வேணும்.”

அவள் திரும்பினாள்.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று வெறும் தோல்.

“முகம்,” என்று வாயே இல்லாமல் சொல்லிப் பார்த்தாள். வெகுநேரம் என் முகத்துக்கு நேரே நின்றாள். பிறகு அங்கே ஈர வாடை மட்டும்தான் இருந்தது.

சாயங்காலம் டீச்சர் கூப்பிட்டாள்.

“அக்கா, அதே வீடியோ மறுபடி வந்திருக்கு. ஆனா இப்ப அதுல என் முகம் இல்ல.”

“பின்ன யாரோடது?”



“உங்களோடதுக்கா.”

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பயமும் கோபமும் ஒன்றாக வந்தன. இத்தனை பேருக்கு மனு எழுதிக் கொடுத்த எனக்காக எழுத ஓர் ஆள் இல்லையே என்று அழுகையும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நானே தட்டச்சு செய்யத் தொடங்கினேன். மனுதாரர் என்ற இடத்தில் என் பெயரை அடித்தேன்.

என் விரல்கள்மேல் ஜில்லென்று ஒரு கை வந்து படிந்தது.

“ரெண்டு பேருன்னு போடுங்கக்கா,” என்றது காதோரம் அந்தக் குரல். “என் பேரு சொல்றேன்.”

சொன்னாள். அடித்தேன்.

அடித்து முடித்த பிறகும் அந்தக் கை நகரவில்லை.