பார்ப்பவர்கள்: இரண்டு

வீட்டு வாசலைப் பார்த்து வைத்திருந்த கேமரா படுக்கையறைப் பக்கம் திரும்பியிருந்தது.

மதியச் சாப்பாடு முடிந்து அலுவலகமே கண் சொக்கிக் கிடந்த நேரம். சர்வர் அறையின் ஓயாத இரைச்சலுக்கும் சூடேறிய ஒயர் வாசனைக்கும் நடுவே உட்கார்ந்து, அந்த அலுவலகத்தின் நெட்வொர்க்கைக் காக்கிற மனிதர் போனில் தன் வீட்டு ஹாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலமாரி மேலிருந்த பொம்மைக்குப் பின்னால் கேமராவை ஒளித்து வைத்தவர் அவர்தான். மனைவி மேல் சந்தேகம். ஏன் என்று கேட்டால் சொல்ல ஒரு காரணமும் இல்லை; அதுதான் இன்னும் அசிங்கம். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அவசர அவசரமாக மாட்டியதில், பெட்டியோடு வந்த பாஸ்வேர்டைக்கூட மாற்றவில்லை. இத்தனைக்கும் அன்று காலைதான், புதிதாகச் சேர்ந்தவர்களை உட்காரவைத்து, "எதை வாங்கினாலும் மொதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க" என்று தொண்டை வற்றப் பாடம் எடுத்திருந்தார்.

போனிலிருந்தே கேமராவை வாசல் பக்கம் திருப்பினார். அது மெதுவாக மறுபடியும் படுக்கையறைத் திரைச்சீலைக்கே போனது.

போன் திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில்: பார்ப்பவர்கள் 2.

கண்டுபிடித்துவிட்டாளோ? காது மடல்வரை சூடேறியது. அந்த இன்னொரு இணைப்பு எங்கிருந்து வருகிறதென்று தேடினார். வீட்டு வைஃபையிலிருந்துதான். ஆனால் வீட்டில் இருப்பது அவள் போன் ஒன்றுதான். அது படுக்கையறை வாசலை ஒட்டிய சோபாவில் இருண்டு கிடந்தது. அடுப்படியில் அவள் நிழல் அசைந்தது.

அழைத்தார். வந்து எடுத்தாள்.

"என்னங்க, வேலை நேரத்துல?"

வீட்டுக்குள் யாரோ இருக்கிறார்கள், வெளியே ஓடு. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள்.

"சும்மாதான். கதவு பூட்டியிருக்கா?"

"பூட்டித்தான் இருக்கு. ஏன், யாரு வரப்போறாங்க?"

அவள் குரலில் சலிப்பு. "ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டார். ஒரு கேள்விக்குப் பயந்து கட்டியவளைத் தனியே விட்டோமே என்று கூசிப்போனார்.

அவள் போனைச் சோபாவில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

திரைச்சீலை லேசாகப் புடைத்தது. காற்று இல்லை. கீழே விரல்கள். கால் விரல்கள்.

வெட்கமாவது, மானமாவது. எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று மறுபடி அழைத்தார்.

சோபாவில் போன் ஒளிர்ந்தது. திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. நீளமான கை. அவசரமில்லாமல் போனை எடுத்தது. அழைப்பைத் துண்டித்தது. உள்ளே போனது.

ஈரக் கையைத் துடைத்தபடி அவள் வந்தாள். காலிச் சோபாவைப் பார்த்தாள். குனிந்து அடியில் தேடினாள். பிறகு திரைச்சீலையை நோக்கி நடந்தாள்.

கேமரா அவளோடு கூடவே மெல்லத் திரும்பியது. அவர் அதைத் தொடவில்லை.