பதினெட்டில் நின்ற முள்

ரோச்சின் வாடகைக் காருக்குத் திமிர் அதிகம். பத்து நிமிஷம் இருமும், அப்புறம் படுத்துவிடும். சுதந்திரம் வந்த மறுவருஷம், ஐப்பசி மாதம், கல்யாணத்துக்கு முந்தின நாள் பார்த்தா படுக்க வேண்டும்?

பக்கத்து வீட்டு விக்டோரியாவுக்கு மறுநாள் கீழவைப்பார் கோயிலில் கல்யாணம். "நம்ம கார்லதான் போறீய அக்கா" என்று ரோச்சின் மகள் பிளாரன்ஸ் வாக்குக் கொடுத்திருந்தாள். பத்து வயதுதான். ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

வண்டி பழுது பார்க்கும் பிட்டர் ஜெயசிங் வந்தார். கப்பல்காரரிடம் வாங்கிய வட்டமான வேக்குவம் கேஜை எடுத்தார். இன்ஜின் எவ்வளவு பலமாகக் காற்றை உறிஞ்சுகிறது என்று அதன் முள் காட்டும். காற்றுக் குழாயிலிருந்த சின்ன மரையாணியைக் கழற்றி, அந்த ஓட்டையில் கேஜை மாட்டி, வண்டியைக் கிளப்பினார்.

முள் பதினெட்டில் அசையாமல் நிற்க வேண்டும். அதுவோ பன்னிரண்டில் கிடந்து காய்ச்சல்காரன் மாதிரி வெடவெடத்தது.

"எங்கனயோ திருட்டுக் காத்து உள்ள போகுது அண்ணாச்சி. இன்ஜினைப் பிரிக்கணும். பத்து நாளாகும்" என்றார் ஜெயசிங்.

"போச்சு! மாட்டு வண்டிக்குச் சொல்லிருவோம் ஏளா" என்றார் ரோச் மகளிடம்.

பிளாரன்ஸ் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பிரிக்கதுக்கு முன்னால நான் ஒருக்கா தேடுதேன் அப்பா!"

இன்ஜின் இருமிக்கொண்டிருக்கும்போதே குனிந்து ஒவ்வொரு குழாயாகப் பார்த்தாள். "இந்த ரப்பர் குழாய் எதுக்கு மாமா?"

"கண்ணாடியில மழை துடைக்கிற கைக்கு. இன்ஜின் உறிஞ்சுத காத்துலதான் அது ஆடும். நம்ம ஊர்ல மழையா கொட்டுது? அதை யாரு பாத்தா?"

"நீங்களும் பாக்கலையா?"

ஜெயசிங் மூக்கைச் சொறிந்தார்.

பிளாரன்ஸ் குழாயின் அடிப்பக்கம் தடவினாள். உப்புக் காற்றில் ரப்பர் வெடித்திருந்தது. "அப்பா, என் விரலை இழுக்குது!"

விரல் வெடிப்பை மூடியதும் முள் ஏறியது. பதினாலு, பதினாறு, பதினெட்டு! அங்கேயே நின்றது. இருமலும் நின்றது.

"அட! குழாயைப் பிடுங்கிட்டுத் தக்கையை வச்சு அடைச்சிருவோம்" என்றார் ரோச்.

"வேண்டாம்ப்பா, ஒழுங்கா கட்டுவோம். ஐப்பசி மாசம்லா, மழை வந்தா கை ஆடணும்லா!" பிளாரன்ஸ் ஓடிப்போய்ப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிவந்து சுற்றி, வலை நூலால் இறுக்கிக் கட்டினாள்.

மறுநாள் விக்டோரியாவையும் பிளாரன்ஸையும் ஏற்றிக்கொண்டு போகையில் பாதி வழியில் வானம் பொத்துக்கொண்டது. கண்ணாடி முழுக்கத் தண்ணீர்.

"வழியே தெரியலையே!" என்று அலறினாள் மணப்பெண்.

ரோச் மழை துடைக்கிற கையின் திருகியைத் திருகினார். வருஷக்கணக்கில் தூங்கிய கை முனகியது, சிணுங்கியது, பிறகு சடக் சடக்கென்று ஆட ஆரம்பித்தது.

கோயில் மணி அடிக்கும்போது கார் வாசலில் நின்றது. பட்டுச் சேலையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"சொன்னபடி கூட்டிட்டு வந்துட்டியே ஏளா!" விக்டோரியா பிளாரன்ஸின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"சொன்னா சொன்னதுதான் அக்கா" என்றாள் பிளாரன்ஸ்.