பதினேழாம் எண் குழந்தை

பட்டப்பகலில்தான் போனேன். பேயைத் தேடி அல்ல, என் மகளின் ரத்த உறவைத் தேடி.

தத்தெடுத்த பிள்ளை. ஒன்பது வயது. எலும்பு மஜ்ஜை கொடுக்க உடன்பிறந்தவர் யாராவது கிடைத்தால்தான் பிழைப்பாள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். எங்களிடம் இருந்ததெல்லாம் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியின் பெயரும், குழந்தை எண் பதினேழு என்ற குறிப்பும்தான்.

பிரசவ வார்டை மூடிப் பல வருடம் ஆகிறதாம். ஓய்வுபெற்ற நர்ஸ் சாவி கொண்டுவந்து திறந்தார். ஜன்னல்களைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். புழுதியும் பினாயிலும் கலந்த வாடை. இருட்டில் வரிசையாக இரும்புத் தொட்டில்கள்.

"பதினேழு எங்கே?" என்று உரக்கக் கேட்டேன்.

கடைசித் தொட்டில் ஆடியது.

"சத்தமா கூப்பிடாதீங்க சார்." நர்ஸின் முகம் வெளுத்திருந்தது. "அது மூணாம் நாளே போயிடுச்சு."

"என்னம்மா உளர்றீங்க? என் பொண்ணு உயிரோட இருக்கா."

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "வார்டுல குழந்தை செத்தா மேலிடத்துல இருந்து விசாரணை வரும். அதைப் பெத்தவ விட்டுட்டு ஓடிட்டதால, கேக்க நாதியில்ல. அன்னைக்கே வாசல்ல யாரோ உங்க பொண்ணைப் போட்டுட்டுப் போனாங்க. செத்ததோட பதினேழாம் நம்பர் கைப்பட்டையைக் கழட்டி இதுக்குக் கட்டிட்டோம். எப்பவும் அப்படித்தான் செய்வோம்."

"அப்போ இவ யார் பெத்த பிள்ளை?"

"எழுதி வைக்கல சார்."

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்! பதிவேடு சுத்தமாக இருப்பதற்காக, என் மகளின் சொந்தபந்தம் அத்தனையையும் துடைத்துப் போட்டிருக்கிறார்கள். அறைந்துவிடலாம் போல ஆத்திரம் வந்தது. திரும்பினேன்.

சுண்டுவிரலை ஏதோ பிடித்தது.

சின்னஞ்சிறு பிடி.

குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. உதறினேன். விடவில்லை.

"ஒன்பது வருஷமா அதை யாருமே கூப்பிட்டதில்ல," என்று கிசுகிசுத்தார் நர்ஸ். "நீங்க கூப்பிட்டுட்டீங்க."

விழுந்தடித்து வெளியே ஓடினேன். பஸ் ஏறியதும் விரல் விடுபட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டேன், மடையன்.

மாலையில் நகரத்து ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் மகள் கேட்டாள்: "என் சொந்தக்காரங்க கிடைச்சாங்களாப்பா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "யாரும் கிடைக்கலடா கண்ணு."

அவள் என் தோளையே பார்த்தாள்.

"அப்போ இந்தப் பாப்பா யாரு? என் கட்டில்ல படுக்கணும்னு அழுவுதே."

இளகின மனசு அவளுக்கு. நான் தடுப்பதற்குள் நகர்ந்து இடம் விட்டாள்.

மெத்தையில் அந்த இடம் மெல்ல அமுங்கியது.